பதினொன்று புள்ளி இரண்டு

திரேஸ்புரம், தூத்துக்குடி
10.2.2025

அக்கா,

என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டாய். அத்தான் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். இசக்கிச்செல்விக்குப் போட்டால், "மாமா, உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காவ" என்று அழுகிறாள். தபாலை பிளாக் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் திருத்திப் படி. என் தப்பைத் திருத்துவதுதான் உனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலையாயிற்றே.

உன் ஈரல் இனி ஒரு வருஷம்கூடத் தாங்காது, வேறு ஒருவர் தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்தால்தான் பிழைப்பாய் என்று மதுரை டாக்டர் சொன்ன அன்று, "நான் தாரேன்" என்று முதலில் சொன்னது யார்? நான்தானே? அத்தானின் ரத்தம் உனக்குச் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. இதயம் சரி, நுரையீரல் சரி, சர்க்கரை இல்லை. எல்லாம் பார்த்து முடித்து, போன செவ்வாய்க்கிழமை கடைசியாக அந்த மிஷினில் படுக்கப் போட்டார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கிற மிஷின். ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. "உங்க ஈரலை எடுக்க முடியாது" என்று சொல்லி பைலை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் என்னைப் பார்த்து, "குடிகாரப் பயலே, கடைசில அவ உசிரையும் சேத்துக் குடிச்சிட்டியேலே" என்றார். ஆட்டோக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினாய் பார், அதுதான் பொறுக்கவில்லை.

நான் குடித்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. ஒரு சொட்டு கிடையாது. இன்னொரு தடவை என்னை அந்த மிஷினில் போட்டுப் பார்க்கச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். நோயாளி நீ, நீ சொன்னால் கேட்பார்கள்.

பெருமாள்


வேம்பார்
15.2.2025

பெருமாளுக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது. உங்கள் அத்தான் கல்லாவில் இருந்ததால் அவர்தான் பிரித்தார். படித்துவிட்டுக் கிழிக்கப் போனவரிடமிருந்து நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். எதற்குப் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சொட்டு கிடையாது என்கிறாய். திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு இதையேதான் சொன்னாய், முடி வளர்வதற்குள் குடித்தாய். அம்மாவின் தலைமாட்டில் நின்று சொன்னாய், பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் தள்ளாடிக்கொண்டு பரிமாறினாய். இசக்கி பெரியவளான சடங்குக்கு வந்து மாமன் சீர் வைத்தவன், அந்தப் பந்தலிலேயே விழுந்து கிடந்தாய். உன்னை நம்பி நம்பி எனக்கு அலுத்துப்போய்விட்டது. கடையில் உட்கார வேண்டிய பிள்ளை சங்கு குளிக்கப் போகிறேன் என்று கடலுக்கு ஓடியபோது ஊரே சிரித்தது. "அவன் உழைச்சுத்தான திங்கான்" என்று உனக்காகச் சண்டை போட்டவள் நான் ஒருத்திதான். அதையும் நினைத்துப் பார்.

அந்த மிஷினைப் பற்றி டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். விலாவில் ஒரு தட்டு தட்டுமாம். அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும். மெத்தென்ற ஈரலில் மெதுவாக ஓடும், இறுகிய ஈரலில் விரைவாக ஓடும். அந்த வேகத்தைத்தான் எண்ணாகச் சொல்கிறது. எனக்கு நாற்பத்தெட்டு. நம் கடைக்கு வருகிறவர்கள் கருப்பட்டியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் நல்ல சரக்கு என்று வாங்குவார்கள். ஈரலுக்கு அது தலைகீழ். இறுகிய ஈரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் திரும்பி நிற்கிறது. அதனால்தான் என் வயிறு தண்ணீர் கட்டி ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். "இறுகிப் போறது நோயோட அடையாளம் மட்டும் இல்லம்மா. இறுகின இடத்துல இருக்கிற செல்லு, அந்த இறுக்கத்த உணர்ந்தே இன்னும் தழும்பு போடும். ஒரு அளவுக்கு மேல அது தானே வளரும்." இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் உயிரைப் பற்றி நான் உன்னிடம் அழவில்லை. நீ இல்லை என்று ஆனதும் "நான் குடுக்கேன்" என்று இசக்கி எழுந்து நின்றாள். இருபது வயதுப் பிள்ளை. ரத்தம் சேர்கிறது. மார்ச் இருபதாம் தேதி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கீறுவார்களாம். கொடுக்கிறவர்களிலும் நூறில் ஒருவருக்கு, இருநூறில் ஒருவருக்கு ஏதாவது ஆகலாம் என்று தாளில் எழுதியே கையெழுத்து கேட்கிறார்கள். வேண்டாம், நான் செத்துப்போகிறேன் என்றால், அவள் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். நான் பெற்றதை நானே கத்திக்குக் கொடுக்கும் நிலைக்கு நீ என்னைக் கொண்டுவந்துவிட்டாய். இதை நான் எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன்.

இனி எழுதாதே. எழுதினால் உண்மையை எழுது. எப்போதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாய், எவ்வளவு குடிக்கிறாய் என்று எழுது.

செல்லக்கனி


திரேஸ்புரம்
18.2.2025

அக்கா,

எழுதாதே என்கிறாய், உண்மையை எழுது என்றும் சொல்கிறாய். ஏதாவது ஒன்றில் நில்.

ஒரு கேள்வி. குடித்தால்தான் ஈரல் இறுகும் என்றால் உன் ஈரல் ஏன் இறுகியது? வாழ்நாளில் நீ இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவள். நாற்பத்தெட்டு வந்த நீ குடிகாரி இல்லை, பதினொன்று வந்த நான் மட்டும் குடிகாரனா? இந்த நியாயத்தை அத்தானிடமும் கேட்டுச் சொல்.

நான் ஏதோ டெஸ்ட்டில் டிமிக்கி கொடுத்த மாதிரி அன்றைக்கு எல்லாரும் பார்த்தீர்கள். அந்த அறைக்குள் நடந்தது உங்களில் யாருக்குத் தெரியும்? நானே சொல்கிறேன், கேள். மிஷினைப் பிடித்த பிள்ளை பெயர் மெட்டில்டா. மணப்பாட்டுக்காரி. "அண்ணாச்சி, மல்லாந்து படுங்க, வலது கைய தலைக்கு மேல போடுங்க, நான் சொல்லும்போது மூச்சப் பிடிச்சுக்கோங்க" என்றாள். மூச்சைப் பிடிக்க எனக்கா சொல்லித் தர வேண்டும்? பத்தொன்பது வருஷமாக அதில்தானே கஞ்சி குடிக்கிறேன். சங்கு குளிக்கக் கடலில் இறங்கும்போது செய்கிற மாதிரியே செய்தேன். அடிவயிறு வரை இழுத்து நிரப்பினேன். வாயை மூடி, காதுக்கு அழுத்தம் கொடுத்து, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கருவி விலாவில் தட்டத் தட்ட ஒரு இமைகூட அசைக்கவில்லை. மற்றவர்களுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருக்குமாம். எனக்குப் பத்துத் தட்டும் ஒரே மூச்சில் முடிந்தது. "நல்லா ஒத்துழைச்சீங்க அண்ணாச்சி" என்று அந்தப் பிள்ளை என்னைப் பாராட்டினாள். பயந்தவனும் பொய்யனும் அப்படியா படுத்திருப்பான்?

இசக்கி மேல் கத்தி வைக்க விடாதே. அவள் கை பிடித்து நடை பழக்கியவன் நான். நீ எனக்கு அக்காவாக இல்லாவிட்டாலும் அவள் எனக்கு மருமகள்தான்.

குடிக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான்.

பெருமாள்


மதுரை
27.2.2025

பெருமாளுக்கு,

ஊசி குத்தியிருக்கிற கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் ரத்த வாந்தி எடுத்தேன். ஒரு வாளி நிறைய என்கிறார்கள், நான் பார்க்கவில்லை. ஈரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் தொண்டைக் குழாயின் நரம்புகளில் ஏறி, அவை புடைத்து, ஒன்று வெடித்துவிட்டதாம். வேம்பாரிலிருந்து மதுரைக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. இப்போது அடைத்துவிட்டார்கள். அடுத்தது வெடித்தால் நேரம் கிடைக்காது என்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். உன் இரண்டாவது கடிதத்தை இசக்கி பையில் வைத்திருந்தாள். நான் கேட்காமலே சத்தமாகப் படித்தாள். உன் பெருமைப் பேச்சு வந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவளைப் பரிசோதிக்க மிஷினை உருட்டிக்கொண்டு வந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. "திரும்பப் படிங்க, அத திரும்பப் படிங்க" என்றாள். அவள்தான் உன்னுடைய மெட்டில்டா.

"ஒரே மூச்சுலயா பத்தும்? காதுக்கு வேற அழுத்தம் குடுத்தாரா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு எனக்குச் சொன்னாள்: "அக்கா, மூச்சப் பிடின்னா எல்லாரும் சும்மா நிறுத்துவாங்க. அவிய முக்கிப் பிடிச்சிருக்காவ. அப்பம் நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும். நெஞ்சுக்குப் போற ரத்தம் போக வழியில்லாம ஈரல்லயே நிக்கும். தண்ணி அடச்ச டியூபு வெறச்சிக்கிட்டு நிக்கும்லா, அப்படி. அந்த நேரத்துல தட்டுனா நல்ல ஈரலும் கல்லு மாதிரிதான் காட்டும். நான் ஸ்கிரீனத்தான் பாத்தேன். அவிய மூஞ்சியப் பாக்கல."

பெரிய டாக்டரிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். மார்ச் ஐந்தாம் தேதி காலையில் மறுபடி பார்க்கலாம் என்றார். ஆறாம் தேதி இசக்கியின் தாள்கள் ஈரல் கொடுக்க அனுமதி தருகிற கமிட்டிக்குப் போகின்றன, அதற்குள் தெரிந்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு வா.

நீ சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை. வா, அவ்வளவுதான். கல்லூரியில் லீவு எழுதிக் கொடுக்க இசக்கி தூத்துக்குடிக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செல்லக்கனி


திரேஸ்புரம்
1.3.2025

அக்கா,

மருமகள் வெளியே படகு நிழலில் நிற்கிறாள். "கையோட பதில் வாங்கிட்டு வான்னு சொன்னாவ" என்கிறாள். அதனால் வேகமாக எழுதுகிறேன்.

ரத்த வாந்தி எடுத்ததை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொள்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லையே. ஆறு நாளாக நீ அங்கே கிடந்திருக்கிறாய், நான் இங்கே சங்கு பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன். மிஷின் வேண்டாம் என்றதும் தூக்கி எறிந்தாய். மிஷின்காரி சந்தேகப்பட்டதும் கூப்பிடுகிறாய். நடுவில் நான் இரண்டு கடிதம் எழுதினேனே, அதற்கு என்ன மதிப்பு? நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை, அவள் சொன்னது ஏறியது. ஐந்தாம் தேதி எண் குறைவாக வந்தால் "தம்பி சொன்னது நிஜம்தான்" என்பாய். அப்படி வருகிற நம்பிக்கை எனக்கு வேண்டாம், அதை மெட்டில்டாவிடமே கொடு.

டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வரி எழுது. "நீ குடிக்கவில்லை என்று நம்புகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அது கைக்கு வந்த அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். வராவிட்டால் ஏற மாட்டேன். சாகக் கிடக்கிறவளிடம் பேரம் பேசுகிறான் என்று அத்தான் சொல்வார். சொல்லட்டும்.

பெருமாள்


மதுரை
3.3.2025

தம்பி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை மத்தியானத்துக்குள் கிடைத்துவிடும் என்றார்கள்.

நீ கேட்ட வரியை எழுத ஒரு நிமிஷம் போதும். எழுதிவிடு என்று உங்கள் அத்தான் சொல்கிறார். "ஒரு வரிதானம்மா" என்று இசக்கி என் கையில் பேனாவைத் திணித்தாள். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான் நம்பவில்லை, பெருமாள். நம்ப வேண்டும் என்று உயிர் துடிக்கிறது, ஆனால் உள்ளே வரவில்லை. உன்னை வரவழைப்பதற்காகப் பொய் எழுதினால், அதற்குப் பிறகு உன் ஈரலை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பேன்?

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று பதினொன்று வந்ததும் டாக்டர் உடனே பைலை மூடவில்லை. என்னையும் உங்கள் அத்தானையும் உள்ளே கூப்பிட்டார். "ரத்தப் பரிசோதனைல எல்லாம் நல்லா இருக்கு. இந்த எண் மட்டும் ஒத்துவரல. இன்னொரு நாள் திரும்ப எடுத்துப் பாக்கலாமான்னு யோசிக்கேன். தம்பி குடிப்பாரா?" என்று கேட்டார். உங்கள் அத்தான் வாயைத் திறக்கவில்லை, பெருமாள். நான்தான் சொன்னேன். "மொடாக்குடியன் சார். இப்ப விட்டுட்டேன்னு சொல்லுதான், விட்டிருக்க மாட்டான்" என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பைலை மூடினார். திரும்ப எடுக்கலாம் என்ற பேச்சே அதற்குப் பிறகு வரவில்லை.

உன்னை வேண்டாம் என்றது மிஷின் இல்லை. நான். இசக்கியைக் கத்திக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நீ என்று எழுதினேனே, அதுவும் நான்தான். இதை உங்கள் அத்தானும் உன்னிடம் சொல்லவில்லை. வாசலில் உன்னைத் திட்டியபோது நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

எனக்காக வர வேண்டாம். இசக்கிக்காக வா. வராவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபம் இருக்காது.

அக்கா


மதுரை
19.3.2025

அக்கா,

உனக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அறைக்கு என்னை விட மாட்டேன் என்கிறார்கள், கிருமி வந்துவிடுமாம். இசக்கி கொண்டுவந்து தருவாள். நாளைக் காலையில் முதலில் என்னைத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். அதற்குள் இதைப் படித்துவிடு.

உன் கடிதம் நாலாம் தேதி இரண்டு மணிக்கு வந்தது. படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டிருந்தால் நீயே எழுந்து வந்து அடித்திருப்பாய். திட்டி முடித்துவிட்டுத்தான் நான்கு மணி பஸ்ஸில் ஏறினேன். நான் கேட்ட வரியை நீ எழுதியிருந்தால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கெத்தாக வந்திருப்பேன், உள்ளுக்குள் அதை நான் நம்பியிருக்க மாட்டேன். நம்பவில்லை என்று எழுதினாய் பார், அது நிஜம். சாகக் கிடக்கும்போதும் எனக்குப் பொய் எழுத மாட்டேன் என்றிருக்கிறாய்.

டெஸ்ட் எப்படி நடந்தது என்று இசக்கி சொல்லியிருப்பாள். ஆனால் பட்ட பாட்டை அவள் பார்க்கவில்லை. "சும்மா மூச்ச விட்டுட்டு அப்படியே நில்லுங்க அண்ணாச்சி" என்றாள் மெட்டில்டா. நிற்க வரவில்லை. மூச்சு என்றாலே நெஞ்சு தானாக இறுகுகிறது. வாயைத் திறந்து வைக்கச் சொல்லி, என் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இறுகும்போதெல்லாம் "விடுங்க, விடுங்க" என்றாள். பத்துத் தட்டு எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து புள்ளி ஒன்று. சந்தேகமே வேண்டாம் என்று ஊசி போட்டு ஈரலிலிருந்து ஒரு துண்டும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அத்தான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மாப்பிள, டீ குடிக்கியா?" என்றார். அத்தானிடமிருந்து மன்னிப்பு என்றால் அவ்வளவுதான் கிடைக்கும். குடித்தேன். சீனி அதிகம்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. எண் நன்றாக வந்ததால் நான் எழுதியதெல்லாம் நிஜம் என்று நினைத்துக்கொள்ளாதே. போன ஆடியில் என் கூட்டாளி நேசக்குமார் சங்கு குளிக்கப் போன இடத்திலிருந்து மேலே வரவில்லை. நான்தான் இறங்கித் தூக்கி வந்தேன். அவனைப் புதைத்த அன்று குடித்தேன். அன்றும் மறுநாளும். அதற்குப் பிறகு இல்லை. இரண்டு வருஷம் மூன்று மாதம் என்று எழுதியது பொய், எட்டு மாதம் என்பதுதான் கணக்கு. அந்த மிஷினுக்கு இது தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது. நீ நம்பாமல் இருந்ததில் தப்பு இல்லை. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார். ஒன்றும் பாதகமில்லை என்றார்.

இன்று மத்தியானம் அவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பெருமாள், இஷ்டமில்லேன்னா இப்பக்கூட சொல்லலாம். ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். உங்க ஈரல் சரியா வராதுன்னு மட்டும் அக்காட்ட சொல்லிருவோம். உங்க மேல பழி வராது" என்றார். கொடுக்க வருகிற எல்லாரிடமும் தனியாக இப்படிக் கேட்பார்களாம்.

"அப்படி மட்டும் சொல்லிராதீங்க சார். நம்பிருவா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பெருமாள்